முல்லை சாத்திய கதவுகள்

என் மனைவி செங்கமலத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அவளுடைய அண்ணன் தோட்டத்து வேலி இடுக்கில். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கால் எங்கள் மண்ணிலும் ஒரு கால் அண்ணன் மண்ணிலுமாக நின்றாள். ஊர் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக இரைந்துகொண்டிருந்ததால் தொண்டையைப் பெரிதாக்கி, "மோட்டாரு ஆட்டோவ அணைச்சிட்டு வந்துடுறேன், நீங்க போயி உலைய வைங்க" என்றாள்.

"அவரு கொட்டகையில நீ ஏன் கைய வைக்கிற, அவரே வரட்டும்" என்றேன்.

"அவரு வர்றதுக்குள்ள கடலு வந்துடும்" என்று சொல்லிவிட்டு, மற்றக் காலையும் எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள்.

நான் வீட்டுக்குப் போய் உலை வைத்தேன். அப்போது எங்கள் வீட்டில் கதவு இல்லை. ஈச்சம்புலத்தில் யார் வீட்டிலும் கதவு இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஈச்சம்புலம் கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டு. மேலே மணல், மணலுக்கு அடியில் மழை கொடுத்த நல்ல தண்ணீர், நல்ல தண்ணீருக்கு அடியில் கடல். பாலின் மேல் ஆடை படர்ந்திருப்பது போலத்தான் அந்த நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிசாகப் படர்ந்திருக்கும். மெதுவாக எடுத்தால் எடுத்துக்கொண்டே இருக்கலாம், அவசரப்பட்டு உறிஞ்சினால் ஆடை கிழிந்து அடியில் இருப்பது மேலே வரும். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் முல்லை வளர்ந்தது. வெள்ளி முளைக்கும்போது பெண்கள் மொட்டுப் பறிக்க இறங்குவார்கள், முதல் பஸ்ஸுக்கு நான் மூட்டைகளை ஏற்றிவிடுவேன், பொழுது விடிந்து ஊர் பல் தேய்ப்பதற்குள் எங்கள் பூ அடுத்த ஊரைத் தாண்டியிருக்கும். தோட்டம் என் மாமனாருடையது. அவர் போகும்போது நடுவில் வேலி போட்டு, கிழக்குப் பாதியை மகன் தனுக்கோடிக்கும் மேற்குப் பாதியை மகள் செங்கமலத்துக்கும் கொடுத்துவிட்டுப் போனார். வேலி மேலே மட்டும்தான். அடியில் தண்ணீர் ஒன்றுதான்.

குடத்தால் ஊற்றிய காலம் போய் ஆளுக்கொரு போர்க்கிணறு வந்தது. மோட்டாருக்கு வேண்டிய மூணு பேஸ் கரண்டு முறை வைத்து வரும், ஒரு வாரம் காலையில், ஒரு வாரம் மத்தியானத்தில். அதற்காகக் காத்துக் கிடக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஆகவே எல்லா ஸ்டார்ட்டரிலும் ஆட்டோ என்று ஒன்றை மாட்டிக்கொண்டோம். கரண்டு வந்தால் மோட்டார் தானாகவே ஓடும், கரண்டு போனால் தானாகவே நிற்கும், தோட்டக்காரர் மன்னார்குடியில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருக்கலாம். வயல்காட்டில் ஆள் இல்லாமல் தண்ணீர் பாய்கிற ஊர் எங்கள் ஊர்.

அந்த வருஷம் பங்குனியில், வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில், ஊரில் கீல் வைத்தது எல்லாம் தானாகச் சாத்திக்கொண்டது.

காற்றில் அடித்துச் சாத்துவது போல இல்லை. தொட்டால்சிணுங்கி இலை மடங்குவது போல, அவசரமில்லாமல், சத்தமில்லாமல், வீட்டுக் கதவும் ஜன்னல் கதவும் பீரோக் கதவும் மாட்டுக்கொட்டகைப் படலும் பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டும் வரிசையாகச் சாத்திக்கொண்டன. தள்ளிப் பார்த்தோம், நகரவில்லை. வெயில் சாய்ந்து கடல்காற்றில் ஈரம் ஏறியதும் அதே மெதுவோடு திறந்துகொண்டன. மறுநாளும் அப்படி, அதற்கு மறுநாளும் அப்படி. ரேஷன் கடையின் ஷட்டர் சுருட்டுக் கதவு, அதில் கீல் இல்லை, அது மட்டும் எப்போதும் போல இருந்தது.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட வேகம்தான் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. வாரம் திரும்புவதற்குள் எல்லோரும் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். வெயில் ஏறும் முன் சோற்றுப் பானையையும் பாயையும் தொட்டில் பிள்ளையையும் வெளியே எடுத்துவிட வேண்டும், எடுக்க மறந்தவர்கள் சாயந்திரம் வரை உள்ளேயே படுத்துக்கொள்ள வேண்டும். பஸ் எங்கள் எல்லைக்குள் வந்தால் அதன் கதவும் சாத்திக்கொண்டது. கண்டக்டர் வாய்க்கால் பாலத்திலேயே விசில் ஊதி, "ஈச்சம்புலம் எல்லாம் இங்கயே இறங்கிக்கிங்க, உள்ள போனா உங்கள கட்டிக்கிட்டு நான் சாயங்காலம் வரைக்கும் குடித்தனம் பண்ண முடியாது" என்று இறக்கிவிட்டுப் போனார். பேச்சுவார்த்தை இல்லாமல் பல வருஷம் இருந்த அண்ணனும் தம்பியும் ஒருநாள் ஒரே மாட்டுக்கொட்டகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். வெளியே வரும்போது ஒன்றாகிவிடுவார்கள் என்று தெருவே காத்திருந்தது. வந்தார்கள், பழைய சண்டையோடு புதிதாக ஒரு சண்டையையும் சேர்த்துக்கொண்டு.

டிவிக்காரர்கள் வந்தார்கள். படம் பிடிப்பவர் எங்கள் ஊர் டீக்கடை அஞ்சம்மாளின் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டார். கதவுக்கு உள்ளிருந்து அவர் தண்ணீர் கேட்க, வெளியிலிருந்து அஞ்சம்மாள், "பானை உள்ள மூலையில இருக்கு, மோந்து குடிங்க. அப்படியே கோழிக்கும் வைங்க" என்றாள். ஒரு வாரம் எங்களைக் காட்டினார்கள். பிறகு வேறு எங்கோ வேறு எதுவோ நடந்தது, அங்கே போய்விட்டார்கள்.

அம்மன் கோயிலில் உச்சிவேளைப் பூசையின்போது பூசாரி உள்ளே மாட்டிக்கொண்டார். சாயந்திரம் வேர்த்து ஊற்ற வெளியே வந்தவர், "ஆத்தாளுக்குத் தாகம்" என்றார். தாகம் எடுத்தது அவருக்கா ஆத்தாளுக்கா என்று யாரும் கேட்கவில்லை. ஊரே குடம் தூக்கியது, போரில் குழாய் மாட்டி இழுத்தது, அம்மன் தலையில் ஊற்றிய தண்ணீர் சன்னதியைத் தாண்டித் தெருவில் சேறாகி வாத்துகள் வந்து நீந்தின. மறுநாள் கதவுகள் வெயில் ஏறும் முன்னமே சாத்திக்கொண்டன.

செங்கமலம் அந்தக் கூட்டத்தில் குடம் தூக்கவில்லை. அவள் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். முல்லை இலைகளின் விளிம்பு, அடுப்பில் காட்டி எடுத்தது போலப் பழுப்பாகக் கருகிக்கொண்டு வந்தது அவளுக்குச் சில நாளாகவே கண்ணை உறுத்தியது. மொட்டும் சிறுத்தது. பூச்சி இல்லை, புழு இல்லை. அவள் பாட்டுக்கு வெயிலில் பாத்தி ஓரம் உட்கார்ந்திருந்தபோது ஒரு வாடை எழுந்தது என்று சொன்னாள், நகத்தால் இளந்தண்டைக் கிள்ளினால் வருமே, அந்தப் பச்சை வாடை, அதற்குள் கொஞ்சம் மொட்டு வாசனை. யாரும் கிள்ளவில்லை. ஆனாலும் பாத்தி பாத்தியாக வாடை எழுந்து மேற்கே நகர்ந்தது, அது எங்கள் மோட்டார் கொட்டகையைத் தொட்டதும் தகரக் கதவு சாத்திக்கொண்டது. எழுந்து அதன் பின்னால் நடந்தாள். வாடை கீழத்தெருவுக்குப் போனது, கீழத்தெரு சாத்திக்கொண்டது. கோயில் தெருவுக்குப் போனது, கோயில் சாத்திக்கொண்டது. அவள் மேலத்தெரு முனைக்கு வந்து சேர்ந்தபோது நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"இதுங்கதான் சாத்துது" என்றாள்.

"எதுங்க?"

"நம்ம செடிங்கதான். வேற யாரு நமக்காகக் கதவு சாத்தப் போறா."

யாராவது நம்ப மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம்பாதவனோடு சண்டை போடலாம், அவன் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தோட்டத்தில் உட்கார வைத்து மோந்து பார்க்கச் சொல்லலாம். அவள் சொன்னதை எல்லோரும் உடனே நம்பினார்கள். அஞ்சம்மாள் டீ ஆற்றிக்கொண்டே, "அதான, நானும் நெனச்சேன்" என்றாள். பூசாரிகூட, ஆத்தா செடி வழியாகச் சொல்கிறாள் என்று ஒத்துக்கொண்டார்.

விவசாய ஆபீஸிலிருந்து இளவேனில் என்று ஒரு பெண் அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு ஒவ்வொரு போர்த் தண்ணீரையும் சின்னப் புட்டியில் பிடித்தார், வேர் மண்ணைக் கிளறினார், இலையைத் திருப்பிப் பார்த்தார். கோயில் வாசலில் ஊரை உட்கார வைத்துப் பேசினார். அவர் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது, பிறகு நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் படித்துச் சரிபார்த்தும் கொண்டேன், அவர் சொன்னதில் பிசகு இல்லை.

"இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத வாய் நிறைய இருக்கு. அது வழியாத்தான் செடி மூச்சு விடுது, தண்ணியையும் வெளியில விடுது. மண்ணு காஞ்சாலோ உப்பு ஏறினாலோ வேருக்கு மொதல்ல தெரிஞ்சிடும். உடனே வேரு ஒரு சத்து தயார் பண்ணி, சாறு வழியா மேல அனுப்பும். அது ஒரு தகவல்னு வச்சிக்கிங்க. தகவல் போய்ச் சேந்ததும் இலை வாயை மூடிக்கும். இருக்கிற தண்ணியைக் காப்பாத்திக்க. கஷ்டப்படுற செடி காத்துலயும் ஒரு வாடையை விடும். பக்கத்துச் செடி அதை வாங்கிக்கிட்டு, தனக்கு வர்றதுக்கு முன்னாடியே உஷாராயிடும்."

"அது இலைக்குச் சரி மேடம்" என்றார் என் மச்சான் தனுக்கோடி. "எங்க வீட்டுக் கதவு என்னா பாவம் பண்ணுச்சு?"

"அதுக்கு எங்கிட்டப் பதில் இல்ல. எங்க பாடத்துல கதவு வரல. ஆனா உங்க தண்ணியில உப்பு ஏறுது, அதுக்குப் பதில் இருக்கு. எல்லா மோட்டாரையும் மழை வரைக்கும் நிறுத்தணும். குடத்தால செடிக்கு மட்டும் ஊத்துங்க. ஒருத்தர் ரெண்டு பேரு நிறுத்திப் பிரயோஜனம் இல்ல, எல்லாரும் நிறுத்தணும்."

செங்கமலம் கேட்டாள்: "வாய மூடிக்கிட்டு எத்தன நாளைக்கி இருக்கும் மேடம்?"

அந்தப் பெண் கையிலிருந்த இலையைத் திருப்பிக் காட்டினார். "வாயை மூடினா தண்ணி மிச்சம், ஆனா சாப்பாடும் இல்லம்மா. காத்து உள்ள போனாத்தான் இலை சமைக்கும். மூடுறது வைத்தியம் இல்ல. அவகாசம் கேக்குறது."

எல்லோரும் தலையாட்டினோம். மேடத்துக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தோம். அவர் ஸ்கூட்டர் வாய்க்கால் பாலத்தைத் தாண்டுவதற்குள் மூணு பேஸ் வந்தது, ஊர் மோட்டார்கள் தானாக ஓடத் தொடங்கின.

செங்கமலம் அன்றிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போனாள். ஒவ்வொருவரும் சொன்ன பதிலில் தவறு கண்டுபிடிக்க முடியாது. பக்கத்துக்காரன் நிறுத்தட்டும், நான் நிறுத்துகிறேன். நான் நிறுத்தினால் என் பங்குத் தண்ணீரும் அவன் தோட்டத்துக்குத்தானே போகும். நல்ல தண்ணீர் இருக்கும்போதே பாய்ச்சினால்தானே செடி தாங்கும். அவள் வீட்டுக்கு வந்து சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் நல்லாத்தாங்க பேசுறாங்க" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் பற்களைக் கடிப்பது எனக்குக் கேட்கும்.

இதற்குள் தனுக்கோடி ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் கெட்டவர் இல்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், யார் வீட்டு விசேஷத்திலும் முதல் ஆளாக வாழை மரம் கட்டுவார், தங்கை என்றால் உயிர். பிள்ளையார் கோயில் மரத்தடியில் நின்றுகொண்டு, "செடி கதவைச் சாத்துது. சரி. கதவு இருந்தாத்தான சாத்தும்?" என்றார்.

ஊர் அவரைப் பார்த்தது. பிறகு மாசிலாமணி ஆசாரியைத் திரும்பிப் பார்த்தது. ஆசாரி அங்கேயே உளியைத் தீட்டத் தொடங்கினார்.

கதவு கழற்றிய நாட்கள் திருவிழா மாதிரி இருந்தன. கீலில் எண்ணெய் விட்டு, திருகாணியைத் திருப்பி, இரண்டு ஆள் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சமுதாயக் கூடத்தில் சாய்த்து வைத்தார்கள், தேக்குக் கதவுக்கு ஒரு பக்கம், தகரக் கதவுக்கு ஒரு பக்கம். பீரோக் கதவுகளுக்குப் பதில் சேலையைத் தொங்கவிட்டார்கள். நாய்கள் எல்லா வீட்டுக்குள்ளும் போய் வந்தன. அஞ்சம்மாள், "இனிமே யாரு வீட்டுல என்ன கொழம்புன்னு கேக்க வேண்டியதில்ல" என்றாள். கோயிலில் மட்டும் பூசாரி கழற்றத் தயங்கினார், அம்மனுக்குப் பட்டுத் திரை போதும் என்று ஊர் முடிவு செய்தது. மோட்டார் கொட்டகைத் தகரக் கதவுகளை மட்டும் ஒருவரும் கழற்றவில்லை. செம்புக் கம்பி திருட ஆட்கள் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. கொட்டகை பகலில் சாத்திக்கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம், ஆட்டோ இருக்கிறதே, மோட்டார் உள்ளே தன்பாட்டுக்கு ஓடப் போகிறது.

கதவு இல்லாத வீடுகளில் உச்சி வெயிலில் எதுவும் சாத்திக்கொள்ளவில்லை. வாடை மட்டும் தெருத் தெருவாக வந்து, வாசல்களில் நின்று, சாத்த ஒன்றும் இல்லாமல் போனது. அதற்கும் மூக்கு பழகிவிட்டது.

"காதுல வந்து கத்துறான்னு சொல்லி காத அறுத்துக்கிட்டு வந்திருக்க" என்று செங்கமலம் அண்ணனிடம் சண்டைக்குப் போனாள்.

"ஏ கமலம், ஊரு நிம்மதியா இருக்கு பாரு" என்றார் அவர்.

"ஊரு நிம்மதியா இருக்கு. உன் செடிய வந்து பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்குத்தான தண்ணி வுடுறேன்."

"நீ வுடுறதுதாண்ணே அதுக்கு நோவு. வேரு உப்புன்னு சொல்லுது, நீ அந்த உப்பயே இன்னும் கொண்டாந்து ஊத்துற."

"அப்ப அவன மொதல்ல நிறுத்தச் சொல்லு" என்று தனுக்கோடி வடக்கே கை காட்டினார். வடக்கே இருந்தவர் இன்னும் வடக்கே கை காட்டுவார். கடைசித் தோட்டத்துக்காரர் கடலைக் காட்டுவார்.

அவள் விடவில்லை. அப்பா வைத்த கிழக்கு மேற்குப் பாதி இரண்டிலுமாக அந்தத் தோட்டம்தான் அவளுக்கு எல்லாம், உப்பு ஏறிய மண்ணில் முல்லை திரும்ப வராது என்பதும் அவளுக்குத் தெரியும். கதவு இல்லாமல் போனது அவளுக்கு ஒரு வகையில் வசதியாகவும் ஆனது. யாராலும் அவளை வாசலில் நிறுத்த முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் எதிரில் போய் உட்காருவாள், தூங்குகிறவர் தலைமாட்டில் நிற்பாள், குளிக்கிற பெண்களிடம் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவாள். ஒரே பேச்சுதான். "ஒரு செடி சொன்னா அடுத்த செடி கேக்குது. காசு கேக்கல, சத்தியம் கேக்கல, நீ மொதல்ல மூடுன்னு சொல்லல. நமக்கு வாயி இருக்கு, அதுக்கு மேல என்னா வேணும்?" சித்திரை பிறந்தபோது ஊர் சலித்துப்போய்ச் சம்மதித்தது. அவள் சொன்னது சரி என்பதால் இல்லை, அவள் வந்துகொண்டே இருந்ததால்.

அம்மன் கோயில் வாசலில், பட்டுத் திரைக்கு முன், எல்லோரும் கூடினார்கள். மழை வரும் வரை ஒருவரும் மோட்டார் போடுவதில்லை, குடத்தால் மட்டும் ஊற்றுவது. தோட்டத்துக்கு ஒருவராக வந்து எரிகிற கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார்கள். தனுக்கோடி கொஞ்சம் ஓங்கியே அடித்தார், கை சுட்டு உதறிக்கொண்டபோது எல்லோரும் சிரித்தார்கள். செங்கமலமும் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் இரண்டு அப்பளம் கூடப் பொரித்தாள்.

மறுநாள் கரண்டு முறை காலையில். பூ மூட்டையை ஏற்றிவிட்டு வந்து நானும் அவளும் எங்கள் பாத்திகளுக்குக் குடத்தால் ஊற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் ஸ்டார்ட்டரில் ஆட்டோவை அணைத்திருந்தேன். கரண்டு வந்த நொடி எனக்குத் தெரிந்தது, ஊரைச் சுற்றி எல்லாத் தோட்டத்திலும், வடக்கேயும் கிழக்கேயும் தெற்கேயும், மோட்டார்கள் ஒரே மூச்சில் எழுந்தன. எங்கள் தோட்டத்தில் மட்டும் சத்தம் இல்லை. செங்கமலம் குடத்தை அப்படியே சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், தண்ணீர் காலில் ஓடியது.

வேலிக்கு அந்தப் பக்கம் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த தனுக்கோடியிடம் கேட்டேன், "என்ன மச்சான் இது?"

"நான் எங்க மாப்ளே போட்டேன்? போடமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன், போடல. அதுவா ஓடுது."

அவர் ஏமாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. அன்று காலையில் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். அம்மன் முன் அவர்கள் கொடுத்த வாக்கு மோட்டார் போடுவதில்லை என்பது. ஒருவரும் போடவில்லை. ஆட்டோவை அணைக்கிறோம் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை, அதைக் கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை, போடாமல் இருந்தால் ஓடாது என்றுதான் செங்கமலம் நினைத்திருந்தாள். பிறத்தியார் தோட்டத்தில் தானாக ஓடினால் தன் தோட்டத்திலும் தானாக ஓடட்டும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், ஒரே மாதிரி இருந்துவிட்டார்கள்.

"அப்ப நீ அணைண்ணே" என்றாள் செங்கமலம்.

"அணைக்கிறேன், அணைக்கிறேன். டீ குடிச்சிட்டு வந்து அணைக்கிறேன்" என்று அவர் கடைப் பக்கம் நடந்தார்.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். அதன் பிறகுதான் வேலி இடுக்கில் நின்று என்னிடம் உலை வைக்கச் சொன்னது.

சோறு வடித்து வைத்தேன். குழம்புக்குப் புளி கரைத்தேன். அவள் வரவில்லை. அண்ணன் கொட்டகையோடு நிறுத்தாமல் ஊரில் இருக்கிற எல்லாக் கொட்டகைக்கும் போயிருப்பாள், போன இடமெல்லாம் சண்டை நடக்கும், வரும்போது தொண்டை கட்டியிருக்கும் என்று எண்ணி மோரில் உப்புப் போட்டு வைத்தேன். வெயில் உச்சிக்கு ஏறியது. வாடை வந்தது. அன்றைக்கு வந்த வாடை அதுவரை வராத கனத்தில் வந்தது, வாசல் வழியாக நுழைந்து அடுக்களையைத் தாண்டிக் கொல்லைக்குப் போனது. ஊரே ஒரே நேரத்தில் இழுத்த இழுப்பில் அடியில் இருந்த கடல் வேர் வரைக்கும் வந்திருக்க வேண்டும். தேடிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். எங்கள் கொட்டகை சாத்தியிருந்தது, தனுக்கோடி கொட்டகை சாத்தியிருந்தது, அந்த நேரத்தில் அவை சாத்தியிருப்பது வழக்கம்தான். வடக்கே தேடிப் போனேன். மோட்டார்கள் இரைந்தன. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வெயில் சாய்ந்து ஈரக்காற்று வந்தபோது கொட்டகைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. தனுக்கோடிதான் அப்போது அங்கே இருந்தார், டீ குடித்துவிட்டு வந்து வேறு ஏதோ வேலையில் மறந்து, கடைசியில் ஆட்டோவை அணைக்க வந்திருந்தார். தகரக் கொட்டகை, தகரக் கூரை, சித்திரை வெயில். அவள் தண்ணீர்க் குழாயில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ அணைத்திருந்தது. அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள், ஊர் இழுத்த இழுப்பில் வெயில் ஏறும் முன்னமே கதவு சாத்திக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கொட்டகை மட்டும் காலையிலிருந்து நிசப்தமாக இருந்திருக்கிறது. மற்ற எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் அது யார் காதிலும் படவில்லை.

தனுக்கோடி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம், "கூப்புட்டிருக்கலாமே கமலம், ஒரு குரல் கூப்புட்டிருக்கலாமே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டியிருந்தது. குடங்களில் இருந்தது போதவில்லை. யாரோ போய் அந்தக் கொட்டகையிலேயே மோட்டாரைப் போட்டார்கள். வந்த தண்ணீரை அஞ்சம்மாள் கையில் ஏந்தி உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினாள்.

அதற்கும் ஊர் பழகிக்கொண்டது. ஆத்தா ஒரு உயிரை எடுத்துக்கொண்டாள், இனி தணிந்துவிடுவாள் என்றார்கள். மாசிலாமணி ஆசாரி கொட்டகைக் கதவுகளையும் கழற்றினார், ஸ்டார்ட்டர் பெட்டிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டார்கள். இளவேனில் மேடம் மாலை வாங்கிக்கொண்டு வந்தார். போகும்போது வாய்க்கால் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றிருந்ததாகக் கண்டக்டர் சொன்னார். தனுக்கோடி ஆட்டோவைப் பிடுங்கி உப்பளத்து வாய்க்காலில் எறிந்தார். அவருடைய மோட்டார் மட்டும் நின்றது. ஒருவர் நிறுத்திப் பிரயோஜனம் இல்லை என்று மேடம் முன்னமே சொல்லியிருந்தார்.

நானும் குடத்தால் ஊற்றினேன், அக்கரைப் பாலத்தடிக் குளத்திலிருந்து சைக்கிளில் கொண்டுவந்து. மூன்று பாத்தி மட்டும் அடுத்த பங்குனி வரை நின்றது. அதற்குப் பிறகு அவையும் போயின. ஐப்பசி மழை நன்றாகத்தான் பெய்தது. அது மண்ணின் மேல் நின்றது, உள்ளே இறங்கி உட்கார அதற்கு இடம் இல்லாமல் போயிருந்தது. ஊரில் ஒரு முல்லைக் கொடி மிச்சமில்லாமல் கருகிய பிறகு, ஒரு நாள் யாருக்கோ தோன்றி, சோதனைக்காக ஒரு கதவை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய வாசல் நிலையில் மாட்டிப் பார்த்தார்கள். உச்சி வெயிலிலும் அது திறந்தது திறந்தபடி இருந்தது. ஊர் கைதட்டியது. ஆசாரி புதுக் கீல் போட்டு எல்லாக் கதவுகளையும் மாட்டிக் கொடுத்தார். தொல்லை தீர்ந்தது என்று அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். எனக்கும் ஒரு தூக்கில் கொடுத்தனுப்பினார்கள். நான் அதை வாங்கித் தின்னாமல் வைத்திருந்தேன், பிறகு கோழிக்குப் போட்டேன்.

இன்றைக்கும் யாராவது அந்தக் கோடையைப் பற்றிப் பேசினால் கதவுகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்த வீட்டில் யார் மாட்டிக்கொண்டார்கள், எந்தக் கதவு முதலில் சாத்தியது, பஸ் எங்கே நின்றது என்று. தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தனுக்கோடி மட்டும் அந்தப் பேச்சு எழும்போது எழுந்து போய்விடுவார். அவரும் போன தை மாதம் போய்விட்டார்.

குடிதண்ணீர் இப்போது வெளியூரிலிருந்து குழாயில் வருகிறது. நடு வேலி விழுந்துவிட்டது. தோட்டம் இருந்த இடம் முழுக்க, உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி வளர்ந்திருக்கிறது, மழைக்குப் பிறகு பச்சையாகவும் கோடையில் சிவப்பாகவும் இருக்கும்.